கண்ணாடி நீங்கிய காமிரா

காமிரா என்னும் சொல்லுக்கு இலத்தீன் மொழியில் அறை என்பது பொருள். இருட்டறையின் சுவரில் சிறு துளையொன்று இருப்பின், வெளியே நிற்கும் மரமும் மாடமும் எதிர்ச்சுவரில் தலைகீழாய் விழும் என்பதைப் பண்டையோர் அறிந்திருந்தனர். அவ்வறையைக் கையில் எடுத்துச் செல்லத்தக்க பெட்டியாகச் சுருக்கிய கதையே புகைப்படக் கலையின் கதை எனலாம். சுருக்கும் வேலை இன்றளவும் முடிந்தபாடில்லை. 2008ஆம் ஆண்டு முதல் கடைகளுக்கு வந்து, இன்று "மிர்ரர்லெஸ்" என்னும் பெயரால் வழங்கும் காமிரா அவ்வேலையின் அண்மைய விளைவு. அதன் பெயரே விந்தையானது. தன்பால் உள்ள ஒன்றால் பெயர் பெறாது, இல்லாத ஒன்றால் பெயர் பெற்ற பொருள் அது. இல்லாமற் போனது முகம் பார்க்கும் கண்ணாடியை ஒத்த ஒரு சிறு தகடு. அத்தகடு காமிராவினுள் ஏன் புகுந்தது, ஏன் வெளியேறியது என்பதை அறிந்தவர், பொழுதுபோக்குக்கென ஒரு காமிரா வாங்கும்போது ஏமாறமாட்டார்.

நம் நாட்டுச் செய்தி ஒன்றிலிருந்து தொடங்குவோம். 1857ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்துறை அதிகாரியைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. அவர் 1858இல் மதுரை, திருச்சி, தஞ்சை முதலிய ஊர்களுக்குச் சென்று கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். பெரிய மரக்காமிராவும், அதைத் தாங்கும் முக்காலியும், இரசாயனப் புட்டிகளும், காகித நெகடிவ்களும் மாட்டு வண்டிகளில் உடன் சென்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் வெட்டப்பட்டுள்ள கல்வெட்டுக்களை அவர் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். வண்டிப் பாரத்துடன் வெயிலில் அலைந்து ஒரு மனிதர் இதனைச் செய்து முடித்தார் என்பது வியப்பிற்குரியது. பின்னர் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் இவ்வேலை கருவூலத்துக்குத் தகாத ஆடம்பரம் எனக் கருதினார். 1860இல் அலுவலகம் மூடப்பெற்றது. வீட்டு வரவு செலவைக் கவனிப்போர் இன்றும் சொல்லும் காரணந்தான் அது.

பாரம் படிப்படியாகக் குறைந்தது. 1871இல் உலர்தட்டு முறை தோன்றியது. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 100 படங்களுக்குரிய சுருளை உள்ளே வைத்துத் தம் கோடக் பெட்டியை விற்றார். எனினும் நுணுக்கமான படம் வேண்டுவோர் பெரிய தட்டுக் காமிராவையே சுமந்தனர். அச்சுமையை வெறுத்த ஒருவரால்தான் அடுத்த மாறுதல் வந்தது. ஜெர்மனி நாட்டு வெட்ஸ்லர் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் தொழிலகத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக் ஆஸ்துமா நோயாளி. மலைப்பக்கம் நடந்து சென்று படமெடுப்பதில் விருப்பமுடைய அவருக்கு மூச்சு இடந்தரவில்லை. ஆகவே, சினிமாப் படச்சுருளை எடுத்து, அதன் சட்டத்தை இருமடங்காக்கி, 36க்கு 24 மில்லிமீட்டர் அளவில் படம் பதியும் சிறு காமிராவை அவர் செய்தார். அது 1925இல் லைப்சிக் கண்காட்சியில் லைக்கா என்னும் பெயரோடு வெளிவந்தது. அந்த 36க்கு 24 என்ற அளவுதான் இன்று "புல் பிரேம்" என வழங்குகிறது. நோயுற்ற ஒருவரின் மூச்சுக்கு ஏற்ப அமைந்த அளவு, நூறாண்டு கழித்தும் தொழில் முழுவதுக்கும் அளவுகோலாய் நிற்கிறது.

லைக்காவில் கண்ணாடி இல்லை. ஆதலின் மிர்ரர்லெஸ் என்பது புதுமையே அன்று. பழைய நிலைக்குத் திரும்பியதே ஆகும். ஆனால் லைக்காவில் ஒரு குறை இருந்தது. லென்ஸ் ஒரு வழியாகப் பார்க்கும். படமெடுப்பவர் கண் மேலேயுள்ள வேறொரு சிறு சாளரத்தின் வழியாகப் பார்க்கும். தொலைவிலுள்ள கோபுரத்துக்கு இதனால் தீங்கில்லை. அருகே வந்து குழந்தையின் முகத்தை எடுத்தாலோ, கண்டது ஒன்று, பதிந்தது ஒன்றாகிவிடும். சில வேளை நெற்றியே அறுபட்டுப் போகும்.

லென்ஸ் காண்பதையே கண்ணும் காண வேண்டும் என்ற இவ்வாசைக்காக அழைக்கப்பட்டதே கண்ணாடி. லென்ஸுக்குப் பின்னால், படச்சுருளுக்கு முன்னால், அதைச் சாய்வாக நிறுத்தினால், வரும் ஒளி மேல்நோக்கித் திரும்பி ஒரு தேய்த்த கண்ணாடித் திரையில் விழும். படமெடுக்கும் கணத்தில் தகடு மேலே எழும்பி வழிவிடும். தாமஸ் சட்டன் என்னும் ஆங்கிலேயர் இதற்கு 1861லேயே காப்புரிமை பெற்றார். சிறு சுருளுக்கு இம்முறையைப் பொருத்திய எக்ஸாக்டா 1936இல் டிரெஸ்டன் நகரிலிருந்து வந்தது. ஆயினும் இடம் வலமாய்த் தோன்றும் உருவத்தைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. 1949இல் காண்டாக்ஸ் எஸ் காமிரா தலையில் ஒரு கண்ணாடிப் பட்டகத்தைச் சுமந்து வந்து, உருவத்தை நேராக்கிக் கண்மட்டத்துக்குக் கொணர்ந்தது. அக்காலத்தில் எழும்பிய தகடு எழும்பியபடியே நிற்கும். மறுபடி சுருளைச் சுற்றினாலன்றிப் பார்வை திரும்பாது. 1954இல் ஜப்பான் நாட்டு அசாஹிபிளெக்ஸ் அக்குறையையும் தீர்த்துத் தகட்டை உடனே இறங்கச் செய்தது. 1959இல் நிக்கான் எஃப் வந்தபின், எஸ்.எல்.ஆர். எனப்படும் இவ்வினமே செய்தியாளர் கையிலும், வசதியுள்ள ஆர்வலர் கையிலும் ஆட்சி செலுத்தியது.

நம் நாட்டில் அவ்வசதி பலர்க்கும் இருக்கவில்லை. அயல்நாட்டுக் காமிராக்களுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய அக்காலத்தில், பரோடாவில் செய்யப்பெற்ற அக்பா கிளிக் 3 என்னும் பெட்டிக் காமிராவே நடுத்தரக் குடும்பங்களின் துணை. சதுரமான 12 படங்கள்; லென்ஸும் எளிது, விலையும் எளிது. 1960இல் உதகமண்டலத்தில் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் "இந்து" என்ற பெயரில் சுருள் விற்றது. பிழைப்புக்காகப் பம்பாயிலும் டில்லியிலும் குடியேறிய தமிழர் வீட்டு ஆல்பங்களைப் புரட்டின், அக்காலத்துச் சதுரப் படங்கள் சிலவேனும் தட்டுப்படும். ஊரிலுள்ள பாட்டிக்குப் பேரனைக் காட்டியவை அவையே.

எஸ்.எல்.ஆரின் கண்ணாடி செய்த நன்மைக்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. தகடு எழும்பி இறங்க இடம் வேண்டும். ஆகவே லென்ஸைச் சுருளினின்று தள்ளி நிறுத்த வேண்டும். நிக்கானில் அவ்விடைவெளி 46.5 மில்லிமீட்டர். அகன்ற காட்சி தரும் லென்ஸ் இயல்பாகச் சுருளை நெருங்கி நிற்க விரும்புவது. அதைத் தள்ளி நிறுத்தியதால் அதிகப்படியான கண்ணாடிகளைச் சேர்த்துப் பருமனாக்க நேர்ந்தது. பட்டகத்தின் எடை வேறு. தகடு மோதும் ஒலி வேறு. இவற்றுக்கும் மேலாக ஒரு வேடிக்கை உண்டு: தகடு மேலெழும் அக்கணம் பார்வை இருண்டுவிடும், எக்கணத்தைப் படமெடுக்கிறோமோ அக்கணத்தை மட்டும் நாம் காண்பதில்லை.

கண்ணாடியை வேண்டாததாக்கிய விதை 1969இல் ஊன்றப்பட்டது. பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் ஒளியை மின்னாக்கிச் சேகரிக்கும் சில்லை அவ்வாண்டில் வகுத்தனர். 2009இல் அதற்கு நோபெல் பரிசு கிட்டியது. 1975இல் கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லைக் கொண்டு முதல் டிஜிட்டல் காமிராவை ஒட்டுவேலையாகச் செய்து பார்த்தார். அது 10,000 புள்ளிகளாலான படத்தைக் காசெட்டில் பதிக்க 23 விநாடி எடுத்துக்கொண்டது. எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். பிலிம் ஒளியை வாங்கிக்கொண்டு வாய் மூடியிருக்கும். சில்லோ தான் கண்டதை அப்பொழுதே சொல்லிவிடும். அது சொல்வதைச் சிறு திரையில் காட்டினால் கண்ணும் லென்ஸும் ஒன்றாகிவிடுகின்றன. கண்ணாடிக்கு அங்கே வேலையில்லை. இவ்வுண்மை தெளிவாயிருந்தும், டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்.கள் கண்ணாடியை நெடுநாள் சுமந்தன. சிறு திரைகள் மங்கலாயிருந்தன. காட்சி சற்றுப் பிந்தியே வந்தது. குவியத்தைத் தானே தேடிப் பிடிப்பதிலும் பழைய முறையே விரைவாயிருந்தது.

2008 ஆகஸ்டில் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து மைக்ரோ போர் தேர்ட்ஸ் என்னும் புதிய அமைப்பை அறிவித்தன. அவ்வாண்டிலேயே பானசோனிக் ஜி1 வந்தது. 2010இல் சோனியும், 2012இல் பூஜிபிலிமும் இவ்வழியில் லென்ஸ் மாற்றும் காமிராக்களை வெளியிட்டன. 2013இல் சோனி ஏ7 பர்னாக்கின் முழு அளவையே கண்ணாடியின்றித் தந்தது. 2018இல் நிக்கானும் கேனானும் தங்கள் முழு அளவு வரிசைகளைத் தொடங்கின. ஐயம் கொண்டிருந்தோரும் அதன்பின் உடன்பட்டனர்.

காமிரா வாங்க நினைப்பவர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். விளம்பரங்கள் "சிறிது, இலேசானது" என்று கூறும். உடலைப் பொறுத்தவரை அது மெய்யே. நிக்கான் டி850 என்னும் எஸ்.எல்.ஆரின் உடல் 915 கிராம். ஏறத்தாழ அதே திறனுள்ள இசட்7இன் உடல் 585 கிராம். ஆனால் உடலை மட்டும் கொண்டு படமெடுப்பாரில்லை. பறவைக்கும் மேடைக்கும் ஏற்ற 70-200 லென்ஸைப் பாருங்கள். கண்ணாடிக் காமிராவுக்காகக் கேனான் செய்த மூன்றாம் பதிப்பு 1,480 கிராம். கண்ணாடி இல்லாத காமிராவுக்காகச் சோனி 2016இல் செய்ததும் அதே 1,480 கிராம்! 2021இல் சோனி அதனை 1,045 கிராமாகக் குறைத்தது உண்மை; அதற்கும் கீழே எளிதில் இறங்க முடியாது. ஏனெனில் தொலைநோக்கு லென்ஸின் பருமனை நிர்ணயிப்பது கண்ணாடித் தகடு அன்று. சேர்க்க வேண்டிய ஒளியும், நிரப்ப வேண்டிய சில்லின் பரப்பும் ஆகும்.

ஆகவே முதலில் தேர வேண்டியது சில்லின் அளவு. மைக்ரோ போர் தேர்ட்ஸ் சில்லு 17.3க்கு 13 மில்லிமீட்டர்; முழு அளவின் கால்பங்கே பரப்பு. முகப்படத்துக்குரிய ஒலிம்பஸ் 45 மில்லிமீட்டர் லென்ஸ் 116 கிராம். ஏறக்குறைய அதே காட்சியை முழு அளவில் தரும் சோனி 85 மில்லிமீட்டர் லென்ஸ் 371 கிராம். கால்பங்குப் பரப்பு கால்பங்கு ஒளியையே வாங்கும் என்பதை மறுப்பதற்கில்லை. அகல் விளக்கின் ஒளியில் படமெடுப்பாரும், பின்புலம் முற்றும் கரைந்து போக வேண்டுவாரும் பெரிய சில்லை நாடுவர். கோயில், கடற்கரை, திருமணம், பயணம் என்று எடுப்பவருக்குச் சிறிய சில்லும், இடைநிலையான ஏ.பி.எஸ்.-சி அளவும் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. கடையில் உடலின் விலையைக் கேட்குமுன், இரு லென்ஸ்களைப் பொருத்தி, பையிலிட்டு, தோளில் மாட்டி, மாடிப்படி ஏறிப் பாருங்கள்.

பட்டறிந்தே இதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சொந்த ஊருக்குச் சென்றபோது, அத்தையாரோடு திருச்சி மலைக்கோட்டைக்குப் போனேன். பையில் எஸ்.எல்.ஆரும் மூன்று லென்ஸ்களும். நான்கு கிலோவுக்குக் குறையாது. நானூறுக்கு மேற்பட்ட படிகளை எண்ணி, பையை விடுதியிலேயே வைத்துவிட்டேன். பாதி வழியில் அத்தை ஒரு படியில் அமர்ந்து, "உன் பெட்டி வரவில்லையா?" என்று கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். டிரைப் வண்டிகளோடு வந்து படமெடுத்த பாறை அது. நான் வெறுங்கையோடு நின்றேன். அடுத்த முறை ஊருக்குச் சென்றபோது அத்தை இல்லை. இப்பொழுது என்னிடம் உள்ளது ஒரு சிறிய உடலும் ஒரே லென்ஸுமே.

பயன்படுத்துவதிலும் சில வேறுபாடுகள் உண்டு. பழைய காமிராவில் பார்ப்பதற்கு மின்சாரம் வேண்டாம். இதிலோ கண் வைத்திருக்கும் நேரமெல்லாம் மின்கலம் கரையும். முன்னூறு நானூறு படங்களில் தீர்ந்துபோவன பல. இரயிலில் இரண்டு நாள் பயணம் செய்வோர் உபரி மின்கலம் ஒன்று வைத்திருத்தல் நலம். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் கொண்டு செல்ல வேண்டும். ஒலியே இல்லாமல் படமெடுக்கும் வசதி சங்கீத சபைகளில் பெரிதும் உதவும். ஆனால் சில எல்.இ.டி. விளக்குகளின்கீழ் அம்முறையில் எடுத்த படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவதுண்டு. ஒரு பாட்டுக்கு முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். லென்ஸைக் கழற்றும்போது சில்லின்முன் தடுப்பாகத் தகடு இல்லை. பலவற்றில் அது வெட்டவெளியாய் நிற்கும். காமிராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றினால் தூசி குறையும். மும்பை, கல்கத்தா போன்ற ஈரமிக்க ஊர்களில் வாழ்வோர் தோல்பையில் பூட்டி வைத்தால் லென்ஸில் பூஞ்சை படரும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பதும், அவ்வப்போது வெளியே எடுத்துப் பயன்படுத்துவதுமே அதற்கு மருந்து.

வீட்டில் தந்தையாரோ மாமாவோ வைத்துச் சென்ற பழைய நிக்கான் லென்ஸ் இருப்பின் அதை எறிந்துவிட வேண்டாம். புதிய இசட் காமிராவில் லென்ஸுக்கும் சில்லுக்கும் இடையே 16 மில்லிமீட்டரே உள்ளது. பழைய லென்ஸ் கேட்பதோ 46.5. குறைபடும் 30.5 மில்லிமீட்டரை ஈடுசெய்ய ஓர் இணைப்பு வளையம் விற்கிறார்கள். குவியத்தைக் கையால் திருகிச் சரிசெய்ய வேண்டும். படம் நன்றாகவே வரும். அவ்வளையத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே லென்ஸ் எதுவும் இருக்காது. பழைய காமிராவில் கண்ணாடி எழும்பி இறங்கிய இடத்தின் அளவே அது.