மலைநாட்டார் கண்ட மனத்திண்மை

நம்பிய காரியம் கைகூடாமற் போகும்போது மனம் தளர்வது மனித இயல்பு. தனி மனிதனுக்கு நேரும் ஏமாற்றத்தைப் பற்றி அறநூல்கள் பல பேசியுள்ளன. ஆயின், ஒரு சமூகம் முழுவதற்குமே ஏமாற்றம் நேருமாயின், அஃது அதனை எவ்வாறு தாங்கி நிற்கின்றது? இவ்வினாவிற்கு விடை தேடும் நேயர்கள் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நமது மலைநாட்டின் வரலாற்றை நோக்கினாற் போதும்.

நானுஓயாவைக் கடந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம், அம்பேவெலவிற்கு அப்பால் பட்டிப்பொல நிலையத்தை அடைகின்றது. கடல்மட்டத்திற்கு மேல் 6,200 அடிக்கும் அதிகமான உயரத்தில் அமைந்த இதுவே இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையமாகும். 1885இல் நானுஓயாவை எட்டிய இருப்புப்பாதை, எட்டு ஆண்டுகள் கழித்து, 1893இலேயே இவ்வழியாக அப்புத்தளை வரை நீண்டது. 1867இல் கண்டிக்கு முதற்பாதை திறக்கப்பட்டபோது, கோப்பி மூட்டைகளைத் துறைமுகம் சேர்ப்பதே அதன் முதல் நோக்கமாயிருந்தது. பட்டிப்பொலவைப் பாதை எட்டிய காலத்திலோ, கோப்பியின் காலம் முடிந்துவிட்டது. வண்டிகள் தேயிலைப் பெட்டிகளையே சுமந்தன.

இடையில் நிகழ்ந்தது யாது? 1869இல் மடுல்சீமைப் பகுதியில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் ஒன்று காணப்பட்டது. தோட்டத் துரைமார் அதனைப் பொருட்படுத்தினாரல்லர். விளைச்சல் குறைந்தும் விலை ஏறி நின்றமையால், மேலும் காடழித்துக் கோப்பியே நட்டனர். 1880இல் இங்கு வந்து ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்னும் அறிஞர், இது காற்றில் பரவும் பூஞ்சண நோய் என்றும், மலைமுழுதும் ஒரே பயிரை நட்டதே அது பரவ வழிசெய்தது என்றும் விளக்கினார். 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி முறிந்தது. கோப்பிக்குப் பதிலாக நட்ட சிங்கோனாவும், மிகுதியாக விளைந்து விலை வீழ்ந்து கைவிட்டது.

எனினும், ஜேம்ஸ் டெயிலர் என்பார் 1867இலேயே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி செழித்திருந்த காலத்தில் தொடங்கிய அச்சிறு முயற்சியே பின்னர் நாட்டைக் காத்தது. 1875இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கராயிருந்த தேயிலை, 1900 அளவில் மூன்றரை இலட்சம் ஏக்கரையும் விஞ்சியது.

இவ்வரலாற்றைத் துரைமாரின் ஊக்கத்திற்குச் சான்றாகக் கூறுவதே வழக்கம். ஆனால், கங்காணியின் கடனைத் தலையிற் சுமந்து, தமிழகத்திலிருந்து மலையேறி வந்த தொழிலாளியின் நிலையையும் நாம் எண்ணுதல் வேண்டும். தோட்டம் முறிந்தபோது அவன் பெறவேண்டிய கூலியும் முறிந்தது. கோப்பி பருவத்திற்கு ஆள் கேட்ட பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆதலின், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பியவன், இப்போது குடும்பத்துடன் லயத்திலேயே தங்கலானான். தங்கியவரின் மக்களும் பேரரும் இம்மண்ணிலேயே பிறந்தனர்.

அவர்களுக்கு நேர்ந்த பெரும் ஏமாற்றம் பயிரால் வந்ததன்று, சட்டத்தால் வந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களின் பிரதிநிதியாக ஒருவரேனும் தெரிவாகவில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது என முடிவாயிற்று. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற வண்டியை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். அப்பெயரே அக்காலத்தின் துயரை நமக்கு உணர்த்தப் போதுமானது.

இத்துயரை அவர்கள் எவ்வாறு தாங்கினர்? முதலாவது, அழுகையை அவர்கள் மறைக்கவில்லை. இழவு வீட்டில் ஒப்பாரி உண்டு. மாசி மாதத்தில் தோட்டந்தோறும் காமன் கூத்து நடைபெறும். மன்மதன் எரிக்கப்பட, ரதி புலம்ப, ஊரே உடன் வருந்தி, பின்னர் அவன் உயிர்பெறுவதைக் காண்கின்றது. துயரம் ஒருவர்க்கே உரியதன்று என்பதை ஆண்டுதோறும் நினைவூட்டும் நிகழ்ச்சி அது.

இரண்டாவது, ஒரு வாயில் அடைபட்டபோது வேறு பணியில் முனைந்தனர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்ற ஸி. வி. வேலுப்பிள்ளை அவர்களை இங்குக் குறிப்பிடலாம். வாக்காளரே இல்லாது போனபின் அவர் வாளாவிருந்தாரல்லர். தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்டார். கவிதையும் நாவலும் எழுதினார். தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். ஏட்டில் ஏறாதிருந்த ஒரு மக்களின் குரல் இதனால் ஏட்டில் ஏறிற்று.

மூன்றாவது, கேட்பதை விட்டாரல்லர். 1931இல் கோ. நடேசய்யர் அட்டனில் தொழிற்சங்கம் நிறுவிய நாள் முதல் சேர்ந்து கேட்கும் பழக்கம் வளர்ந்திருந்தது. மீனாட்சி அம்மை அதனைப் பாட்டாகவும் பரப்பினார். 1952இல் கொழும்பிலே சத்தியாக்கிரகம் நடைபெற்றது. உடனே பலன் கிட்டவில்லை. 1977இல் சௌ. தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் எஞ்சியோரின் நாடற்ற நிலையைப் போக்க வழிசெய்தன. இடையே கழிந்தவை ஐம்பத்தைந்து ஆண்டுகள்! முதற் கோரிக்கையை எழுப்பியவருட் பலர் அந்நாளைக் காணவில்லை.

இவ்வரலாற்றைக் கேட்டு, ‘எதையும் தாங்கும் மக்கள்’ என்று புகழ்ந்து அமைதல் எளிது. ஆனால், ஒருவரின் பொறுமை அவர்மேல் மேலும் சுமையேற்றுவதற்கு உரிமைச்சீட்டு ஆகாது. தாங்கியவரைப் போற்றுவதோடு, தாங்க வைத்ததையும் நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

மனத்திண்மை என்பது கண்ணீரற்ற கல்நெஞ்சமன்று என்பதையே மலைநாட்டு வரலாறு காட்டுகின்றது. ஏமாற்றம் நேரும்போது துயரைப் பகிர ஒரு துணை, கைக்கு ஒரு பணி, நியாயத்தை மீண்டும் கேட்க ஒரு குரல் ஆகிய மூன்றும் இருப்பின் மனம் மீண்டெழும். பட்டிப்பொலவின் உச்சியை எந்தப் புகையிரதமும் நேரே ஏறி அடைவதில்லை. வளைந்து வளைந்தே ஏறுகின்றது. மனிதரின் மீட்சியும் அத்தகையதே.