ஜரியா நிலக்கரி வயல்: வரைபடங்களும் நிலவுரிமையும்

முன்னுரை

நிலவுரிமை வரலாற்றை ஆராய்வோர் பழைய வரைபடங்களை முதன்மைச் சான்றுகளாகக் கொள்வர். ஆயின் நிலக்கரிப் பகுதிகளில் மேற்பரப்புக்கு ஒருவரும் அடியிலுள்ள கனிமத்திற்கு வேறொருவரும் உரியவராக இருத்தல் உண்டு. அத்தகைய இடங்களில் ஒரு வரைபடத்தை மட்டும் கொண்டு உரிமையை அறிய இயலாது. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் தன்பாத் மாவட்டத்திலுள்ள ஜரியா நிலக்கரி வயலைக் கொண்டு இதனை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மூவகை வரைபடங்கள்

ஜரியா குறித்த பழைய வரைபடங்களை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, இந்திய நில அளவைத் துறை ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில் வெளியிட்ட தலப்படம். தாமோதர் ஆறு, ஊர்கள், இருப்புப்பாதை, சம உயரக் கோடுகள் ஆகியன இதில் உள்ளன. நிலம் யாருக்குரியது என்பதை இது கூறுவதில்லை.

இரண்டாவது, நிலவியல் படம். தாமஸ் ஓல்டாம் தலைமையில் 1851இல் தொடங்கப்பெற்ற இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் சார்பில் ஹியூஸ் என்பார் 1866இலும், ஃபாக்ஸ் என்பார் 1930இலும் ஜரியாவைப் பற்றி விரிவாக எழுதினர். கரிப்படுகைகள் எங்குத் தலைகாட்டுகின்றன, எத்திசையில் சாய்கின்றன என்பதை இவ்வகைப் படங்கள் காட்டுகின்றன. இவற்றில் ஊர் எல்லை முதன்மை பெறுவதில்லை.

மூன்றாவது, கிராமப் புலப்படம். ஜரியா அன்று அடங்கியிருந்த மான்பூம் மாவட்டத்தில் 1918 முதல் 1925 வரை நில அளவையும் உரிமைப் பதிவும் நடைபெற்றன. ஒவ்வொரு வயலும் எண் பெற்றது. அதனை உழுபவரின் பெயர் ‘கதியான்’ என்னும் பதிவேட்டில் ஏறியது. நம் பட்டாவை ஒருவாறு ஒத்தது இப்பதிவு.

அடிநில உரிமை

1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டம் ஜமீன்தாரை நிலவுடைமையாளராக ஏற்றது. ஆனால் அவருக்குக் கீழ் நிலம் பெற்றோர்க்குக் கனிமத்தில் பங்குண்டா என்னும் வினா அன்று எழவில்லை. 1894இல் ஜரியாவுக்கு இருப்புப்பாதை வந்தபின் சுரங்கக் குத்தகைகள் பெருகின. வினாவும் வழக்காயிற்று.

1910இல் ஹரி நாராயண் சிங் வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. வெளிப்படையாக வழங்கப்பட்டதாகச் சான்று இல்லாதவிடத்துக் கனிம உரிமை ஜமீன்தாரிடமே தங்கும் என்பது அதன் சாரம். காவற்பணிக்காக நிலம் பெற்ற ‘திக்வார்’ என்போருக்கும் இதே விதி பொருந்தும் என 1912இல் ஜரியா அரசர் துர்கா பிரசாத் சிங் வழக்கில் முடிவாயிற்று.

இங்குக் கால வரிசை கருதத்தக்கது. உழவரின் வயல் புலப்படத்தில் எண் பெற்றது 1918க்குப் பின்னரே. அதற்கு முன்பே அவ்வயலின் அடியிலுள்ள கரி பிறருக்குரியது எனத் தீர்ப்பாகிவிட்டது. ஆகவே புலப்படம் அவருக்கு உறுதி செய்தது மேற்பரப்பை மட்டுமே எனலாம்.

பிற்கால விளைவுகள்

1950ஆம் ஆண்டின் பீகார் நிலச்சீர்திருத்தச் சட்டம் ஜமீன்தாரின் கனிம உரிமையை மாநில அரசுக்கு மாற்றியது. 1971-73இல் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. அடிநிலத்தின் உடைமையாளர் மாறினரேயன்றி, மேற்பரப்பும் அடிநிலமும் வேறு என்னும் பிரிவினை மாறவில்லை.

ஜரியாவில் 1916இல் கண்டறியப்பட்ட நிலத்தடித் தீயால் மக்களை வேறிடங்களில் குடியமர்த்தும் பெருந்திட்டம் 2009இல் ஒப்புதல் பெற்று, 2025இல் திருத்தப்பட்டது. அதிலும் சட்டப்படியான நிலவுரிமை உடையோர், இல்லாதோர் எனக் குடும்பங்கள் இரு வகைப்படுகின்றன. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தும் பதிவேட்டில் பெயர் ஏறாத சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் இரண்டாம் வகையில் அடங்குகின்றன.

முடிவுரை

தலப்படம் நிலத்தோற்றத்தையும், நிலவியல் படம் செல்வத்தையும், புலப்படம் உழுபவரையும் காட்டின. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தீர்ப்புகளோடு ஒப்புநோக்கும்போதே உரிமை வரலாறு புலனாகிறது. எந்தப் படத்திலும் இடம்பெறாத மக்களும் அந்நிலத்தில் வாழ்ந்தனர் என்பதையும் ஆய்வாளர் மறத்தலாகாது.