கொரிந்து நகரின் பந்தியும் நமது திருப்பலியும்



ஒவ்வோர் ஆண்டும் பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில், திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்திலிருந்து நான்கு வசனங்களை இரண்டாம் வாசகமாகக் கேட்கிறோம். ஆண்டவர் இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தைக் கையில் எடுத்து, நன்றி செலுத்தி, பிட்டுக் கொடுத்ததைச் சொல்லும் பகுதி அது. நற்கருணை ஏற்படுத்தப்பட்டதைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள எழுத்துகளில் இதுவே மிகப் பழமையானது. நான்கு நற்செய்திகளும் எழுதப்படுவதற்கு முன்பே, ஏறத்தாழ கி.பி. 54-55இல் பவுல் இதை எபேசு நகரிலிருந்து எழுதினார் என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து.

பவுல் இதை ஏன் எழுத நேர்ந்தது? அந்த வாசகம் 23ஆம் வசனத்தில் தொடங்கி 26ஆம் வசனத்தில் முடிகிறது. அதற்கு முன்னும் பின்னும் இருப்பதை அன்று நாம் கேட்பதில்லை. முன்னால் இருப்பது கடுமையான ஒரு கண்டிப்பு. நம் ஊர் வழக்கில் சொன்னால், கொரிந்து திருச்சபையில் பந்தி வஞ்சனை நடந்தது.

கொரிந்து எப்படிப்பட்ட ஊர்? பழைய கொரிந்தை உரோமையர் கி.மு. 146இல் அழித்தார்கள். கி.மு. 44இல் யூலியஸ் சீசர் அதை உரோமைக் குடியேற்ற நகராக மீண்டும் நிறுவினார். அங்கே குடியேறியவர்களில் பலர் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றவர்கள். இரண்டு கடல்களுக்கு நடுவே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் அகலமே உள்ள நிலப்பகுதியை ஒட்டி அந்நகர் இருந்தது. இரு பக்கமும் துறைமுகம், ஊர் நிறைய வணிகம். பரம்பரைப் பெருமை பேச வழியில்லாத ஊரில் பணமே பெருமையாயிற்று.

பவுல் அங்கே வந்து, அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு கூடாரம் செய்யும் தொழில் செய்துகொண்டே ஒன்றரை ஆண்டு நற்செய்தி அறிவித்தார் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. அப்போது ஆளுநராய் இருந்த கல்லியோவின் பெயர் டெல்பி நகரில் கிடைத்த கல்வெட்டு ஒன்றில் உள்ளது. அதைக் கொண்டே பவுல் அங்கே இருந்த காலம் கி.பி. 51ஐ ஒட்டியது என்று கணிக்கிறார்கள்.

அவர் உருவாக்கிய திருச்சபையில் பெரும்பாலோர் எளியவர்கள். அடிமைகளும் இருந்தார்கள். வசதியுள்ளவர் சிலரும் இருந்தார்கள். சபை முழுவதையும் தம் வீட்டில் வரவேற்ற காயு என்பவரையும், நகரப் பொருளாளரான எரஸ்து என்பவரையும் பவுல் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். அன்று கோவில் கட்டடம் கிடையாது. வசதியுள்ளவர் வீட்டில்தான் கூடினார்கள்.

அக்கால உரோமை வீட்டின் உணவறையில் மூன்று பக்கம் மஞ்சங்கள் இருக்கும். வழக்கமாக ஒன்பது பேர் சாய்ந்து உண்ணலாம். மற்றவர்களுக்கு முற்றம்தான். அதனால் வீட்டுக்காரரின் நண்பர்கள் முதலிலேயே வந்து உள்ளே அமர்ந்து உண்ண, வேலை முடித்துப் பின்னால் வந்த கூலியாட்களும் அடிமைகளும் முற்றத்தில் நின்றிருப்பார்கள் என்று ஜெரோம் மர்பி ஓ'கானர் என்ற தொமினிக்கன் சபை விவிலிய அறிஞர் விளக்குகிறார். விருந்தில் இப்படித் தரம் பிரிப்பது அன்று புதுமையும் அல்ல. ஒரே விருந்தில் தமக்கும் சிலருக்கும் நல்ல உணவு, மற்றவர்களுக்கு மலிவானது, திராட்சை மது மூன்று தரம் என்று பரிமாறிய ஒருவரைப் பற்றி, சில பத்தாண்டுகளுக்குப் பின் உரோமை எழுத்தாளர் இளைய பிளினி குறைகூறி எழுதினார்.

உலக வழக்கம் அப்படியே ஆண்டவரின் திருவிருந்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஒருவர் பசியோடு நிற்கிறார், இன்னொருவர் குடித்து மயங்குகிறார். இதைக் கேள்விப்பட்ட பவுல், இது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று சொல்லிவிடுகிறார். வழிபாட்டுச் சொற்களில் தவறு இருந்ததாக அவர் கூறவில்லை. இல்லாதவரை வெட்கப்படுத்தியதுதான் தவறு.

அதற்கு அவர் தரும் மருந்து என்ன? முதலில் அந்தக் கடைசி இரவை நினைவூட்டுகிறார். தம்மையே பிட்டுக் கொடுத்தவரின் பந்தியில் அமர்ந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவருக்கு அப்பத்தைப் பிட்டுக் கொடுக்காமல் இருக்க முடியுமா என்று நம்மை எண்ண வைக்கிறார். பிறகு மிக எளிய ஓர் அறிவுரை தருகிறார். உண்ணக் கூடிவரும்போது மற்றவர் வரும்வரை காத்திருக்கச் சொல்கிறார். அவ்வளவுதான்! அடுத்த அதிகாரத்தில், வலுவற்ற உறுப்புக்கே உடலில் அதிக மதிப்பு என்கிறார். அதற்கடுத்து, திருமணங்களில் நாம் விரும்பி வாசிக்கும் அன்பைப் பற்றிய 13ஆம் அதிகாரம் வருகிறது. அது மணமக்களுக்கு எழுதப்பட்டதல்ல. பந்தியில் சண்டையிட்ட ஒரு பங்குக்கு எழுதப்பட்டது.

கொரிந்தியர் உடனே திருந்திவிட்டார்களா? இல்லை. ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின் அங்கே மீண்டும் பிளவு. அப்போது உரோமையிலிருந்து எழுதிய புனித கிளமெந்து, பவுலின் திருமுகத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள் என்று அவர்களுக்கு நினைவூட்டினார். அப்படியானால் அந்தத் திருமுகம் அவர்கள் கையில் பத்திரமாக இருந்திருக்கிறது! கிளமெந்துவின் கண்டிப்புக் கடிதத்தையும் அவர்கள் எறிந்துவிடவில்லை. கி.பி. 170 அளவில் கொரிந்து ஆயர் தியோனிசியு, அதை இன்றும் எங்கள் கூட்டத்தில் வாசிக்கிறோம் என்று உரோமைக்கு எழுதினார்.

தங்கள் குறையை ஊரறியச் சொன்ன கடிதங்களை அவர்கள் மறைக்கவில்லை. காத்து வைத்தார்கள், வாசித்தார்கள். அவர்கள் கோபத்தில் கிழித்துப் போட்டிருந்தால், பெரிய வியாழன் அன்று நாம் கேட்கும் அந்த வாசகம் நமக்குக் கிடைத்திருக்குமா?

அன்பர்களே, நம் பங்குக்குப் பவுல் இன்று எழுதினால் எதைக் குறிப்பிடுவார்? அன்பியக் கூட்டம் பெரிய கூடம் உள்ள வீடுகளிலேயே நடக்கிறதா? ஓர் அறை மட்டுமே உள்ள வீட்டின் முறை வரும்போது தயங்குகிறோமா? கூட்ட நேரத்தை முடிவு செய்யும்போது, வீட்டு வேலைக்குப் போகும் சகோதரியின் நேரத்தையும் இரவுக் காவல் முடித்து வரும் சகோதரரின் நேரத்தையும் கேட்டோமா? திருப்பலிக்குத் தாமதமாக வந்து கதவோரம் நிற்பவரைத் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கிறோமா, நகர்ந்து இடம் கொடுக்கிறோமா? திருவிழா விருந்தில் கடைசிப் பந்திக்கும் கறி மிஞ்சுகிறதா?

இந்த ஞாயிறு நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போது, நமக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று ஒரு நொடி நினைப்போம். அவருக்காகவும் பிட்கப்பட்ட அப்பமே நமக்கும் தரப்படுகிறது. காத்திருக்கும் மனத்தையும், கண்டிப்பை ஏற்கும் தாழ்ச்சியையும் ஆண்டவர் நமக்கு அருள்வாராக. ஆமென்.