மலைமேல கடிகாரம், ஏரிக்கரையில எசமான்

கேமரா, மீட்டர், சென்சார்னு எங்கெங்கேயோ கிடக்கிற ஆயிரக்கணக்கான குட்டிக் கருவிகளை ஒரே இடத்துல உக்காந்து மேய்க்கிறது எப்படி? இந்த செமஸ்டர் முழுக்க இதான் பாடம். ‘எட்ஜ் கம்ப்யூட்டிங்’காம். என்னமோ நேத்து முளைச்ச சமாச்சாரம் மாதிரி பேசறாங்க. நான் படிக்கிற லா ஷோ-து-ஃபோனுக்கு இது 1860கள்லயே வந்த தலைவலி மக்களே :-)

ஆயிரம் மீட்டர் உசரத்துல இருக்கிற கடிகாரக்காரங்க ஊர் இது. கடிகாரம் செஞ்சிடலாம், அது காட்டற மணி சரியான்னு யார் சொல்றது? அதுக்காகவே மலைக்குக் கீழே, ஏரிக்கரை நகரமான நூஷாத்தேல்ல 1858ல ஒரு வானாய்வகம் வந்தது. நட்சத்திரங்களை வெச்சு நேரத்தைக் கணிச்சு, தந்திக் கம்பி வழியா மேலே இருக்கிற ஊர்களுக்கு அனுப்பினாங்க. (நம்ம ஊரும் சளைச்சதில்ல. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தோட ‘மெட்ராஸ் நேரம்’தான் 1906ல இந்தியப் பொது நேரம் வர்ற வரைக்கும் ரயில்களை ஓட்டிச்சு.)

அதே நூஷாத்தேல்ல 1860ல ஃபாக்டரி போட்டவர் மத்தேயுஸ் ஹிப். இவரோட மின்கடிகாரங்கள்ல தாய் ஒண்ணு, கிளைகள் பல. கிளைக்கு சொந்த மூளையே கிடையாது; ஒரு மின்காந்தம், சில பல்சக்கரம், அவ்வளவுதான். நிமிஷத்துக்கு ஒரு மின்துடிப்பு வரும், முள் ஒரு கோடு நகரும். சிக்கல் எங்கன்னா, இணைப்பு உதறினா ஒரு துடிப்பு ரெண்டாப் போயிடும், கடிகாரம் ஒரு நிமிஷம் முந்திடும். ஹிப் மின்னோட்டத்தோட திசையை ஒவ்வொரு துடிப்புக்கும் மாத்தினார். அதே திசையில ரெண்டாவது தடவை வந்தா முள் அசையாது. ஒரே கட்டளை ரெண்டு தடவை போனாலும் விளைவு ஒண்ணுதான்! இதுக்கு இப்போ ‘ஐடெம்போடென்ட்’னு வாயில நுழையாத பேர் வெச்சு பாடம் நடத்தறாங்க.

ஆனா கம்பி அறுந்தா? முள் பாட்டுக்கு நின்னுடும். நிமிஷமுள் நிக்கிறது பாக்கிறவனுக்குத் தெரியாது, பொய் மணியை நம்பிப் போவான்.

இதுக்கு விடை சுவிஸ் ரயில்வே கடிகாரத்துல இருக்கு. 1944ல ஹன்ஸ் ஹில்ஃபிக்கர் வடிவமைச்சது. சிவப்பு நொடிமுள் 1950கள்ல சேர்ந்தது. அந்த முள்ளுக்குத் தனி மோட்டார். சுமார் 58.5 நொடியிலயே ஒரு சுத்து முடிச்சு, 12 மேல நின்னு, தாய்க் கடிகாரத்தோட துடிப்புக்குக் காத்திருக்கும். துடிப்பு வந்தாத்தான் அடுத்த சுத்து. வரலைன்னா அங்கேயே நிக்கும், பிளாட்ஃபாரத்துல இருக்கிற எவனுக்கும் தெரியும்.

வகுப்புல இன்னமும் எல்லாத்தையும் மையத்துலேர்ந்து தள்ளறதுதான் சொல்லித் தர்றாங்க. என் ப்ராஜெக்ட்ல கருவி தானா ஓடும், அப்பப்போ மையத்தைக் கேக்கும், பதில் வரலைன்னா சிவப்பு விளக்கு எரியும். கைடு என்ன சொல்றார்னு பாக்கணும்.