அணையைத் தூக்கும் நீர்

உப்பளம் போன்ற கடலோரத் தாழ்நிலத்தில் வீடு கட்டுவோர் அறிந்த செய்தி ஒன்று உண்டு. தரைக்கடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டியை ஐப்பசி மழையில் காலியாக விட்டுவைக்கக் கூடாது. நிலத்தடி நீர் ஏறினால் தொட்டி மேலெழும்பிக் குழாய்களை முறித்துவிடும். இதே விசை அணைகளையும் தூக்குகிறது. பொறியாளர்கள் இதை நன்கு உணர்வதற்குப் பல உயிர்கள் பலியாக வேண்டியிருந்தது.

பிரான்சு நாட்டின் எப்பினால் நகருக்கருகே, ஒரு சிற்றாற்றின் குறுக்கே பூசே என்னும் அணை இருந்தது. கால்வாய்க்கு நீர் தருவதற்காக 1880ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்டது. 1884இல் அதன் சுவரில் ஒரு பகுதி ஓர் அடிக்கு மேல் முன்னே நகர்ந்தது. அடிப்பகுதியைப் பலப்படுத்தி மீண்டும் நீரைத் தேக்கினர். 1895 ஏப்ரல் 27ஆம் நாள் சுவரின் மேற்பகுதி உடைந்து, 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

காரணம் என்ன? கல் அணை தன் எடையால் நிற்கிறது. நீர் அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அக்கணக்கு அன்றும் தெரிந்ததே. ஆனால் விரிசல்களிலும் அடித்தளத்திலும் புகுந்த நீர் கீழிருந்து மேலே உதைப்பதை வடிவமைத்தோர் கணக்கிடவில்லை. அந்த உதைப்பு அணையின் எடையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பூசே விபத்துக்குப் பின்னரே 'மேலுதைப்பு' அணைக் கணக்கில் இடம்பெறத் தொடங்கியது.

அதே 1895ஆம் ஆண்டு அக்டோபரில் நம் பக்கத்தில் ஓர் அணை திறக்கப்பட்டது. அதுவே பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை. ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி உயரம். வெளிப்புறம் கல் கட்டு, உள்ளே சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரை. இதன் வடிவமைப்பிலும் மேலுதைப்புக்கு இடமில்லை. கசியும் நீர் காரையிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரவே, 1930களில் துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினர்.

1979 ஆகஸ்ட் 11ஆம் நாள் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்வி நகரம் அழிந்தது. பெரியாற்றின் கீழே வாழும் கேரள மக்களின் அச்சம் பெருகியது. அவ்வாண்டு நவம்பரில் மத்திய நீர் ஆணையம் கூடிப் பேசிய பிறகு, நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைக்கப்பட்டது.

16 அடிதானே என்று எண்ண வேண்டாம். அணையின் மீதுள்ள மொத்த விசை உயரத்தின் இருமடிக்கும், அதைக் கவிழ்க்கும் திருப்புத்திறன் மும்மடிக்கும் நேர்விகிதத்தில் அமையும். ஆகவே விசை ஏறத்தாழ 20 விழுக்காடும், திருப்புத்திறன் 28 விழுக்காடும் குறைந்தன.

அடுத்து அணையைப் பலப்படுத்தினர். முதலாவதாக, அணையின் தலையில் கான்கிரீட் மூடியிட்டனர். அதனால் சுமார் 12,000 டன் எடை கூடியது. இரண்டாவதாக, உச்சியிலிருந்து அடிப்பாறைவரை துளையிட்டு, எஃகுக் கம்பி வடங்களைப் பாறையில் பிணைத்து இழுத்துக் கட்டினர். நீர் மேலே தூக்க, வடம் கீழே இழுக்கிறது. மூன்றாவதாக, பின்புறம் கான்கிரீட் முட்டுச்சுவர் எழுப்பி, கசிவை வெளியேற்றி அளக்க வடிகால் சுரங்கம் அமைத்தனர். வெள்ளம் வழிய 10 கண்களாக இருந்தவை 13 ஆயின.

2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை தேக்கலாம் எனத் தீர்ப்பளித்து, கண்காணிப்புக் குழு ஒன்றையும் அமைக்கச் சொன்னது. மேற்கே பள்ளத்தாக்கில் வாழ்வோரின் உயிர், கிழக்கே தேனி முதல் இராமநாதபுரம்வரையுள்ள வயல்கள் ஆகிய இரண்டும் இக்கணக்கில் தங்கியுள்ளன. நிலநடுக்கம், பெருவெள்ளம் பற்றிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை.

அச்சமும் நம்பிக்கையும் மட்டும் இதற்கு விடையாகா. கசியும் நீரை நாள்தோறும் அளந்து, அந்த அளவுகளை இரு மாநில மக்களும் அறியும்படி வெளியிடுவதே முறையாகும். அளக்காமல் விட்ட விசைதான் பூசே அணையை உடைத்தது.