பருத்தி வரியிலிருந்து மார்க் தாள் வரை

மார்க் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்டர்னல், பிராக்டிகல், வைவா, செமஸ்டர் என்று நான்கு வருஷம் அதோடுதான் குடும்பம் நடத்தினோம். படிப்பு முடிந்தால் விட்டது தொல்லை என்று நினைத்தால், அதுவும் இல்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு ஒரு புரபோசல் எழுதினால் அதற்கும் மார்க்தான். நூற்றுக்கு இத்தனை வாங்கினால் பணம் வரும். ஒரு மார்க் குறைந்தால் மூன்று வருஷத் திட்டம் பீரோவுக்குள் போய்விடும்.

நான் மெக்கானிக்கல் படித்தவன். பண்ணைக் கருவிகளை வடிவமைப்பது என் தொழில். வேளாண் விஞ்ஞானிகளோடு சேர்ந்து புரபோசல் எழுதும் வேலை அவ்வப்போது வரும். விவசாய ஆராய்ச்சிக்கு இந்த மார்க் முறை எப்படி வந்தது, அதற்கு முன்னால் யார் எதைப் பார்த்துப் பணம் கொடுத்தார்கள் என்று தேடிப் படித்தேன். அந்தக் கதையின் ஒரு இழை நம்ம ஊர்ப் பஞ்சிலேயே தொடங்குகிறது. அதனால் மலருக்கு அதையே எழுதுகிறேன்.

பஞ்சு கொடுத்த பணம்

திருப்பரங்குன்றத்திலிருந்து தெற்கே திருமங்கலம் தாண்டினால் கரிசல் காடு. மானாவாரிப் பருத்தி விளைந்த பூமி. அந்தக் கரிசலுக்கென்று கோவில்பட்டியில் 1901-லேயே ஆராய்ச்சிப் பண்ணை வந்துவிட்டது. கருங்கண்ணிப் பருத்தியை ஆராய்ந்த இடம் அது. விளைந்த பஞ்சை நூற்க மதுரையில் மில்கள் இருந்தன. ஹார்வி மில், மீனாட்சி மில் என்று நம் தாத்தாக்கள் வேலை நேரத்தையே மில் சங்கை வைத்துக் கணக்கிட்டார்கள். 1957-ல் நம் கல்லூரியை நிறுவிய கலைத்தந்தை கருமுத்து தியாகராசரும் ஒரு மில் அதிபர்தான் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் உலகப் போர்க் காலத்தில், 1917-ல், அரசு ஒரு பருத்திக் குழுவை அமைத்தது. அதன் பரிந்துரைப்படி 1921-ல் இந்திய மத்தியப் பருத்திக் கமிட்டி உருவாயிற்று. 1923-ல் பருத்தி வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் விளைந்து கப்பலேறும் பஞ்சுக்கும் இந்திய மில்லுக்குள் போகும் பஞ்சுக்கும் ஒரு சின்ன வரி. அந்தப் பணம் பருத்தி ஆராய்ச்சிக்கும் பருத்தி மேம்பாட்டுக்கும். ஆக, மதுரை மில்களுக்குள் போன இந்தியப் பஞ்சும் ஆராய்ச்சிக்குச் சந்தா கட்டியது என்று சொல்லலாம்.

பணத்தை யாருக்குத் தருவது என்று பேச அந்தக் கமிட்டியில் உட்கார்ந்தவர்கள் விஞ்ஞானிகள் மட்டுமல்ல. விவசாயத் துறை அதிகாரிகள், பஞ்சு வியாபாரிகள், மில்காரர்கள், பருத்தி விவசாயிகளின் பிரதிநிதிகள் என்று எல்லாத் தரப்பும் இருந்தது. விவசாயிகளின் பிரதிநிதி என்று வந்தவர்கள் அரசு நியமித்தவர்கள். பெரும்பாலும் வசதி படைத்தவர்களாகவே இருந்திருப்பார்கள். கோவணம் கட்டிய சம்சாரி அங்கே போய் உட்கார்ந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. இருந்தாலும் விளைவிக்கிறவனுக்கும் நூற்கிறவனுக்கும் நாற்காலி ஒன்று இருந்தது.

இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். 1924-ல் பம்பாய் மாதுங்காவில் ஒரு தொழில்நுட்பப் பரிசோதனைக்கூடம் வைத்தார்கள். புதுப் பருத்தி ரகம் வயலில் நன்றாக விளைந்தது என்று ஆய்வாளர் சொன்னால் மட்டும் போதாது. அந்தப் பஞ்சு அங்கே போய் நூலாக வேண்டும். எத்தனையாம் நம்பர் நூல் வருகிறது, நூலின் பலம் என்ன என்று பார்ப்பார்கள். எழுத்துக்கு மார்க் போடுவதற்கும் நூற்றுப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம், லேபில் டென்ஸைல் டெஸ்ட் செய்த நமக்குத் தெரியாதா என்ன?

இரண்டு படி வடிகட்டல்

பருத்திக்கு வழி பிறந்தது. நெல்லுக்கும் சோளத்துக்கும் கரும்புக்கும்? லின்லித்கோ தலைமையில் 1926-ல் அமைந்த ராயல் கமிஷன் நாடெங்கும் விசாரித்து 1928-ல் அறிக்கை தந்தது. மத்தியில் ஒரு ஆராய்ச்சிக் கவுன்சில் வேண்டும், அதற்கு 50 லட்சம் ரூபாய் நிதி வேண்டும், வருஷக் கடைசியில் மிச்சப் பணம் காலாவதியாகக் கூடாது என்றது. மார்ச் மாதத்தில் அரசு அலுவலகங்கள் பணத்தை எப்படிச் செலவழிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கடைசி நிபந்தனையின் அருமை புரியும்!

1929 ஜூலை 16-ல் அந்தக் கவுன்சில் பதிவாயிற்று. இன்றைய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.ஏ.ஆர்., அதுதான். அதை நடத்திய முதல் துணைத் தலைவர் நம் தமிழ்நாட்டவரான சர் டி. விஜயராகவாச்சாரியா. மாகாணங்களிலிருந்து வரும் திட்டங்களை ஆலோசனைக் குழு ஆராயும். பணம் தருவதா வேண்டாமா என்பதை நிர்வாகக் குழு முடிவு செய்யும். விஷயம் தெரிந்தவர்கள் முதலில் சலிக்க, பொறுப்பில் உள்ளவர்கள் பிறகு ஒப்புவது என்ற இந்த இரண்டு படி இன்றுவரை பல இடங்களில் தொடர்கிறது.

1930-ல் ஐ.சி.ஏ.ஆருக்குள் ஒரு புள்ளியியல் பிரிவு வந்தது. மாகாண ஆய்வாளர்கள் பரிசோதனைகளைத் திட்டமிடவும் முடிவுகளை அலசவும் உதவுவது அதன் வேலை. இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் பண்ணையில் ஃபிஷர் உருவாக்கிய முறைகள் பரவிய காலம் அது. ஒரே பாத்தியில் உரம் போட்டு, பக்கத்துப் பாத்தியில் போடாமல் விட்டு, “பாருங்கள் வித்தியாசத்தை” என்று காட்டினால் செல்லாது. பாத்திகளைக் கலைத்துப் போட வேண்டும். ஒன்றையே பல முறை செய்து பார்க்க வேண்டும். எப்படிச் சோதிக்கப்போகிறாய் என்ற கேள்விக்கு வலு வந்தது இப்படித்தான். இன்றைய மார்க் தாளில் ‘ஆய்வு முறை’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதன் வேர் இங்கே இருக்கிறது.

ஒரே குடை

சுதந்திரத்துக்குப் பிறகு பயிருக்கு ஒரு கமிட்டி என்று பெருகி, யார் என்ன செய்கிறார்கள் என்பதே தெரியாத நிலை. அமெரிக்க விஞ்ஞானி மரியன் பார்க்கர் தலைமையிலான குழு 1964-ல் தந்த அறிக்கையை ஒட்டி ஐ.சி.ஏ.ஆர். மாற்றி அமைக்கப்பட்டது. 1965-ல் பி. பி. பால் முதல் டைரக்டர் ஜெனரல் ஆனார். பருத்திக் கமிட்டி உள்பட பயிர்க் கமிட்டிகள் கலைக்கப்பட்டு, ஆராய்ச்சி ஒரே குடையின் கீழ் வந்தது. அதே 1965-ல்தான் யானைமலை அடிவாரத்தில் மதுரை வேளாண்மைக் கல்லூரியும் தொடங்கியது.

நன்மை உண்டு. 1967-ல் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இந்திய ஒருங்கிணைந்த பருத்தித் திட்டம் தொடங்கியது. ஒரே ரகத்தைப் பல மண்ணில், பல மழையில் ஒரே விதமாகச் சோதித்துப் பார்க்க முடிந்தது. நஷ்டமும் உண்டு. முடிவெடுக்கும் மேஜையில் மில்காரரும் விவசாயியும் இருந்த பழக்கம் தளர்ந்தது. விஞ்ஞானியின் திட்டத்தை விஞ்ஞானியே எடை போடுவது வழக்கமாயிற்று.

மார்க் வந்த கதை

அமெரிக்காவில் 1887-ன் ஹேட்ச் சட்டப்படி ஒவ்வொரு மாநில ஆராய்ச்சி நிலையத்துக்கும் பணம் பங்கு பிரித்துத் தரப்பட்டது. போட்டி இல்லை. 1978-ல்தான் அந்நாட்டு விவசாயத் துறை போட்டி மானியத்தைத் தொடங்கியது. நம் நாட்டில் உலக வங்கிக் கடனுடன் 1998-ல் தொடங்கிய தேசிய வேளாண் தொழில்நுட்பத் திட்டம் போட்டி மானியத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. 2006-ல் தேசிய வேளாண் புதுமைத் திட்டம் வந்தது.

நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு மாறினாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். பிரச்சினை முக்கியமானதா? யோசனை புதிதா? முறை சரியா? செய்பவர்களுக்குத் தகுதி உண்டா? கருவியும் இடமும் இருக்கிறதா? கேட்கும் பணம் நியாயமா? பலன் யாருக்கு?

இதில் ‘கருவியும் இடமும்’ என்ற வரியைக் கவனியுங்கள். பெரிய நிறுவனத்துக்கு அதில் முழு மார்க் சும்மா கிடைக்கும். சின்னக் கல்லூரிக்கு அங்கேயே அடி விழும். பணம் இல்லாததால் கருவி இல்லை. கருவி இல்லாததால் பணம் இல்லை. திருமங்கலம் கரிசலைப் பற்றிய கேள்வி அந்தக் கரிசலுக்குப் பக்கத்திலிருந்தே வந்தால், இந்த ஒரு வரியாலேயே அது பின்னுக்குப் போகலாம்.

லீஸ்ட் கவுண்ட் எவ்வளவு?

மெட்ராலஜி லேபை ஞாபகப்படுத்துகிறேன். மில்லிமீட்டர் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு மைக்ரானில் ரீடிங் எழுதினால் லேப் ஆசிரியர் என்ன சொல்வார்? ரெக்கார்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். புரபோசல் மார்க்கிலும் அதே சிக்கல்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு. மூன்று பேர் மார்க் போடுகிறார்கள். முதல் திட்டத்துக்கு 82, 80, 60; சராசரி 74. இரண்டாவதற்கு மூவரும் 75, சராசரி 75. வெட்டுக்கோடு 75 என்றால் முதலாவது அவுட். ஆனால் இரண்டு பேர் அதைத்தான் உசத்தி என்றார்கள்! மூன்றாமவர் கை கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான்.

இது வெறும் கற்பனைக் கவலை இல்லை. 1981-ல் கோல் சகோதரர்களும் சைமனும் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு வந்த 150 திட்டங்களை வேறு மதிப்பீட்டாளர்களிடம் மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். பணம் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி, திட்டம் யார் கைக்குப் போகிறது என்ற அதிர்ஷ்டம் என்று தெரிந்தது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவ ஆராய்ச்சிக்கான 25 விண்ணப்பங்களை 43 பேர் மதிப்பிட்டார்கள். ஒரே விண்ணப்பத்தைப் பார்த்தவர்களிடையே ஒற்றுமை இல்லை.

அப்படியானால் மார்க்கே வேண்டாமா? அப்படி இல்லை. மோசமானதை நீக்க மார்க் நல்ல சல்லடை. 40-ஐயும் 80-ஐயும் அது சரியாகவே பிரிக்கும். 74-ஐயும் 75-ஐயும் பிரிக்கும் சக்திதான் அதற்குக் கிடையாது. அமெரிக்க விவசாயத் துறையின் குழுக்கள் ‘மிகச் சிறப்பு’ முதல் ‘நிதி தர வேண்டாம்’ வரை ஐந்து பிரிவுகளில் திட்டங்களை வைப்பது இந்த வகையில் நேர்மையான ஏற்பாடு.

உத்திரமேரூர் சொல்லும் வழி

சமமாக நிற்பவர்களில் ஒருவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? நம் முன்னோர்களில் சிலருக்கு ஒரு விடை தெரிந்திருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விவரிக்கின்றன. முதலில் தகுதி: சொந்த வீடு, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், 35 முதல் 70 வயது. முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. தகுதி பார்த்த பிறகு பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். அது பிராமணர் ஊரின் சபை. எல்லாருக்கும் இடமிருந்த ஜனநாயகம் அல்ல. ஆனால் முதலில் தகுதி, பிறகு குலுக்கல் என்ற வரிசை யோசித்துச் செய்தது.

நியூசிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2013-லிருந்து ஒரு வகை மானியத்துக்கு இதையே செய்தது. தகுதி உள்ளவை எவை என்று பார்த்துவிட்டுக் குலுக்கல். நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்திருக்கிறது. வெட்டுக்கோட்டை ஒட்டி நிற்கும் திட்டங்களுக்காவது இப்படி ஒரு யோசனை செய்தால் தவறில்லை என்பது என் அபிப்பிராயம்.

அதைவிடவும் முக்கியமாக எனக்குப் படுவது, காணாமல் போன அந்த நாற்காலி. ‘பலன் யாருக்கு?’ என்ற வரிக்கு மார்க் போட அந்தப் பலனை அனுபவிக்கப் போகிறவர் ஒருவர் உட்கார வேண்டும். விதைப்புக் கருவி பற்றிய திட்டம் என்றால் விதைக்கிறவர். பருத்தி என்றால் பறிக்கிற அக்காவும் நூற்கிற மில்லும். விஞ்ஞானி முறையைப் பார்க்கட்டும். விவசாயி தேவையைப் பார்க்கட்டும்.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளே! உங்களில் சிலர் புரபோசல் எழுதுவீர்கள். சிலர் ஒரு நாள் மார்க் போடும் இடத்திலேயே உட்காருவீர்கள். எழுதும்போது, ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிக்கும் திருமங்கலம் கரிசலுக்கும் ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஒரு தரம் பணம் கிடைக்கவில்லை என்றால் யோசனையே மட்டம் என்று மூட்டை கட்டிவிடாதீர்கள். சொன்ன குறையைச் சரிசெய்து மறுபடி அனுப்புங்கள். மார்க் போடும் நாள் வரும்போது, ஏன் குறைத்தேன் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுதியவருக்கு அந்த இரண்டு வரி மார்க்கைவிடப் பெரிது.