திருக்கோவலூரில் கிடைக்காத வேலை

நைனார்பாளையத்துக்காரர்களுக்குத் திருக்கோவலூர் அந்நிய ஊர் அல்ல. இன்று இரண்டும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவையே. பெண்ணையாறு, உலகளந்த பெருமாள், கபிலர் குன்று என்று அந்த ஊருக்குப் பெருமைகள் பல. அவற்றோடு 1910-ல் நடந்த ஒரு சந்திப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்போது அது தென்னாற்காடு ஜில்லா. அங்கே டிப்டி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர், 1907-ல் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. கும்பகோணத்து இளைஞர் ஒருவர் அவரைத் தேடி வந்து, ஒரு குமாஸ்தா வேலை போதும் என்று கேட்டார். எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். கையில் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம். அதைப் புரட்டிப் பார்த்த ஐயர் வேலை கொடுக்கவில்லை! ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைத்து இந்த மேதையை நசுக்க அவருக்கு மனம் வரவில்லையாம். சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். சோற்றுக்கு வழி கேட்டு வந்தவரை மேதை என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். அந்தக் கடிதங்கள் பலிக்காமற் போயிருந்தால்?

அந்த இளைஞர்தான் சீனிவாச ராமானுஜன். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகத்தான் அமர்ந்தார், 1914-ல் கப்பலேறினார். மறு வருஷமே லண்டன் கணித சங்கத்தின் ஏட்டில் அவருடைய நீண்ட கட்டுரை வந்தது.

விஷயம் எளிது. 12-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையா. நம் நாழிகைக் கணக்கின் 60-ம் இந்த ஜாதியே, அதற்குப் பன்னிரண்டு. தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் வகுத்திகளில் தோற்கடிக்கும் இவற்றை மிகுபகு எண்கள் எனலாம். ராமானுஜன் இவற்றை வரிசையாக அட்டவணை போட்டார். கடைசி எண் 6746328388800. அதாவது ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கும் மேல்! வகுத்திகள் 10,080.

இதைப் பிரித்துப் பாருங்கள்: 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. பகா எண் பெரிதாகப் பெரிதாக, அது வரும் தடவை ஏறுவதே இல்லை. ஏறினால் சிறியதையும் பெரியதையும் இடம் மாற்றி, அதே வகுத்திகளோடு இன்னும் சிறிய எண்ணைச் செய்துவிடலாமே!

அட்டவணையில் ஓர் எண் மட்டும் விட்டுப் போயிற்று: 293318625600. வேடிக்கை என்னவென்றால், கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் அதுதான் வந்து நிற்கிறது.

இந்த ஆராய்ச்சிக்காக 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. ஆனால் சங்கத்துக்கு அப்போது பணமுடை. கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றுவிட்டது. 1920-ல் ராமானுஜன் காலமானார். மிச்சப் பகுதி அச்சானது 1997-ல்.